பொருத்த மாமாவின் புதுக் கம்ப்யூட்டர்

என் கல்யாணம் ஒரு டிஎல்எல் கோப்பினால் நின்றுபோக இருந்தது என்று சொன்னால் என் ஆபீஸில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது நாங்கள் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ரிட்டயர் ஆக நான்கே மாதம் இருந்தது. டெல்லியில் கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிற குவார்ட்டர்ஸ் குடும்பம் எதற்கும் இது ஒரு கெடு. வீட்டைக் காலி செய்வதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். அப்போதுதான் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து பிளாக் என்று சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்களைப் படுக்க வைக்க ஏழெட்டு வீடு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக பராத் கர் கிடைக்கும். பராத் கர் என்பது காலனியின் கல்யாண மண்டபம். வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. அப்பா எப்படியோ அலைந்து தை மாதத்தில் ஒரு நாளைப் பிடித்து வைத்திருந்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் வேறு யாருக்கோ போய்விடும். அதற்கப்புறம் அப்பா ரிட்டயர் ஆகும்வரை ஒரு முகூர்த்த நாளும் காலியில்லை.

மாப்பிள்ளை ரெடி. நானே பார்த்து வைத்த மாப்பிள்ளை. காலை எட்டு பத்துக்கு எங்கள் செக்டாரிலிருந்து கிளம்பும் சார்ட்டர்ட் பஸ்ஸில் அவர் எனக்குப் பின் சீட். ஆபீஸ் போகிறவர்கள் மட்டும் மாதக்கணக்கில் ஏறும் பஸ் அது. யார் சீட்டில் யார் என்பது கல்லில் எழுதிய மாதிரி. இந்த மனிதர் ஒரு வருஷம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து என் பேப்பரை ஓசியில் படித்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் திரும்பி, "பாய் சாஹப், சொந்தமா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்று இந்தியில் கத்திவிட்டேன். "வாங்கலாம். ஆனா நீங்க பக்கம் திருப்புற ஸ்பீடு எனக்குப் பழகிப்போச்சு" என்று தமிழில் பதில் வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் இரண்டு பேப்பர் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். அப்புறம் என்ன, அவ்வளவுதான்.

அவர்கள் சரோஜினி நகரில் இருந்தார்கள், சேலம் பக்கத்துக் குடும்பம். இரண்டு வீட்டிலும் பெரிதாக ஆட்சேபம் இல்லை. அம்மா மட்டும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். அம்மா திருநெல்வேலி. டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும், காய்கறிக்காரரிடம் பேசும் நேரம் தவிர, அவள் பேச்சு தாமிரபரணிக் கரையை விட்டு நகரவே இல்லை.

"பையன் நல்ல பையந்தான். நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? மாமா கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாத்திரட்டும். அது சரின்னுட்டா எனக்கு ஒரு பேச்சும் கிடையாது" என்றாள்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எங்கள் செக்டார் முழுக்க அவருக்குப் பொருத்த மாமா என்றே பெயர். கும்பகோணத்துக்காரர், தணிக்கைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஜோசியம் ஒரு துளியும் தெரியாது. அதுதான் அவருடைய பெருமையே. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ சென்னையில் எழுதிய பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று மூன்று ஃப்ளாப்பியில் அவரிடம் வந்து சேர்ந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் இதையெல்லாம் தட்டினால் நட்சத்திரம், ராசி, பத்துப் பொருத்தம் எல்லாம் தமிழில் கிர்ர் கிர்ர் என்று பிரிண்டரில் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக மாமா வீட்டுக்கு வருவது தமிழ்க் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஜோசியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாமாவின் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் ஒன்றையே சொல்லும். அதன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். பழையதை அவர் பிள்ளை பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு எக்ஸ்பி போட்ட புதுசு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு பெங்களூர் போய்விட்டாராம்.

"வாடிம்மா, நீதான் வரணும். ஃப்ளாப்பியெல்லாம் போட்டாச்சு. திறந்தா என்னமோ இங்கிலீஷ்ல திட்டறது" என்றார் மாமா.

ஒரு அமைச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. ஆகவே டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் காலனியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. சில வேலைகளுக்கு எல்லா புரோகிராம்களும் பொதுவாக ஒரு கோப்பை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும், அதுதான் டிஎல்எல். மாமாவின் புரோகிராமுக்கு அதன் பழைய பதிப்பு வேண்டும். புதுக் கம்ப்யூட்டரில் அதே பெயரில் புதிய பதிப்பு உட்கார்ந்திருந்தது. நிறுவும்போது கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது: நீங்கள் வைக்கப்போவது பழசு, இருக்கிற புதுசையே வைத்துக்கொள்ளட்டுமா? மாமா ஆமாம் என்று அழுத்தியிருக்கிறார்.

"பின்னே? லேட்டஸ்ட் இருக்கறச்சே ஓல்டை ஏத்தினா அது அப்ஜெக்‌ஷன் ஆயிடுமே" என்றார். ஆடிட் ஆசாமி வேறெப்படிச் செய்வார்!

நான் மறுபடி நிறுவினேன். அதே கேள்வி வந்தது. இல்லை, பழசையே போடு என்று அழுத்தினேன். பொருத்தம் புரோகிராம் பிள்ளையார் படத்தோடு ஜம்மென்று திறந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ரொம்பப் பெருமையாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. ஜாதகத்தை எடுப்பதற்குள் மாமி உள்ளேயிருந்து வந்தாள்.

"சித்த நகருங்கோ. மணி ஒம்பதாச்சு. பொண்ணு வந்துடுவா."

மாமியின் பெண் அமெரிக்காவில். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்தக் கம்ப்யூட்டரின் கண்ணாடிக் கண் வழியாக அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள். பெண் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பாதி நேரம் நெற்றி மட்டும்தான். ஆனால் மாமிக்கு அந்த நெற்றி போதும். அதற்காகத்தான் பிள்ளை கம்ப்யூட்டரே வாங்கிக் கொடுத்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாமி அந்த புரோகிராமைத் திறந்தாள். திறக்கவில்லை. காமிரா புரோகிராமுக்கு அந்தப் புதிய டிஎல்எல்தான் வேண்டுமாம். நான் இப்போதுதான் அதைக் கழற்றிப் போட்டிருந்தேன்.

"உங்க பொருத்தத்தைத் தூக்கிக் குப்பைல போடுங்கோ! என் பொண்ணு மூஞ்சிய எனக்கு முதல்ல காட்டுங்கோ!" என்று மாமி போட்ட சத்தத்தில் மாமா பால்கனிக்குப் போய்விட்டார்.

பதறிப்போய் காமிராவின் சிடியைப் போட்டு நிறுவினேன். மாமியின் பெண்ணுடைய நெற்றி வந்தது. பிள்ளையார் போய்விட்டார். பெண் பேசி முடித்ததும் ஃப்ளாப்பியைப் போட்டேன். பிள்ளையார் வந்தார், மூன்றாவது ஃப்ளாப்பியில் கை பட்டதோ என்னவோ பாதியில் நின்றார். மறுபடி போட்டேன். இப்போது காமிரா போச்சு. இதென்னடா கொடுமை, ஒன்றைத் தூக்கினால் மற்றது சாய்கிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் கோபக்காரி. கீபோர்டை ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கும் மாமி என்னைத் திட்டினாள். கடைசியில் மாமியின் காமிராவை நல்லபடியாக வைத்துவிட்டுத்தான் வீட்டுப் படியிறங்க விட்டார்கள். ஜாதகம் பார்க்க வந்த மற்ற இரண்டு குடும்பங்கள் என்னை முறைத்துக்கொண்டே போயின.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா, "கம்ப்யூட்டரே வேண்டாங்குது போலிருக்கு" என்றாள். அம்மா சத்தம் போட்டால் பயமில்லை, நானும் போடுவேன். அவள் சகுனம் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

திங்கட்கிழமை பஸ்ஸில் என் மூஞ்சியைப் பார்த்ததும் பின் சீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஆனாவும் தெரியாது. அரசு வீடுகளை ஒதுக்கித் தரும் பிரிவில் கிளார்க். டைப்ரைட்டரே போதும் என்று நினைக்கிற ஆள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அரே, இது எங்க ஆபீஸ்ல தினம் வர்ற கேஸாச்சே. ஒரே குவார்ட்டர்ஸை ரெண்டு பேருக்கு அலாட் பண்ணிட்டீங்க. ஒருத்தன் பூட்டை ஒடைச்சுக்கிட்டு உள்ள போறான், அடுத்தவன் வந்து அவன் சாமானை வெளிய போடறான். பழசுக்குத் தனியா ஒரு வீடு குடுங்களேன்."

"அது வீடில்ல, கம்ப்யூட்டர். எல்லாத்துக்கும் ஒரே இடந்தான்" என்று எரிந்து விழுந்தேன்.

"ஏன், அந்த மாமா புரோகிராமுக்குச் சொந்தமா ஒரு ரூம்கூடக் கிடையாதா?"

எனக்குப் பொறி தட்டியது. இருந்தது! ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. பொது இடத்தில் புதியதை விட்டுவிட்டு, பழைய டிஎல்எல்லைப் பொருத்தம் புரோகிராமின் ஃபோல்டரிலேயே வைத்தால் என்ன? ஆபீஸ் போனதும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான உதவி சிடியைக் குடைந்தேன். வைக்கலாம் என்று போட்டிருந்தது. கூடவே, புரோகிராமின் பெயருக்குப் பின்னால் லோக்கல் என்று ஒரு வாலைச் சேர்த்து, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு கோப்பையும் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டால் அந்த புரோகிராம் தன் வீட்டுக்குள்ளிருப்பதையே எடுத்துக்கொள்ளும், வெளியே போகாது. சாயந்திரம் பஸ்ஸில் இதைச் சொன்னபோது, "அதான் அலாட்மென்ட் லெட்டர்" என்றார் இவர், ரொம்பத் தெரிந்த மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டுக்குப் போனேன். மாமி கதவைப் பாதிதான் திறந்தாள். "காமிராவத் தொட்டே, அப்புறம் இருக்கு" என்றாள். தொடவில்லை. பழைய கோப்பை ஃபோல்டரில் போட்டேன், வெற்றுக் கோப்பை வைத்தேன், முருகா என்று க்ளிக் செய்தேன். பிள்ளையார் வந்தார். ஓடிப்போய் காமிராவைத் திறந்தேன். எங்கள் மூன்று பேரின் முகமும் திரையில் தெரிந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரு சண்டையும் இல்லாமல்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தும்விட்டேன். மாமி சிரித்து, கேசரி கிளறப் போனாள். மாமா ஒரு துண்டுத் தாளில் நான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஞாயிறு காலை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான்தான் தட்டினேன். மாப்பிள்ளை, இருபத்தொன்றாம் தேதி பிறந்தவர். நான் செப்டம்பர் ஏழு. நேரம், ஊர். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்றது. மாமா தாளைக் கிழித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அறிவித்தார்.

"பத்துக்கு ஒம்பது! இந்த மிஷின்ல இத்தனை வருஷத்துல ஒம்பது நான் பார்த்ததே இல்லை!"

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். அப்புறம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மாமி கேசரித் தட்டோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் போட்டார்கள். "அப்பாடா" என்று அவர் விட்ட மூச்சு ரிசீவரை விட்டுத் தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

நானும் ஆசையாகத் தாளைக் கையில் எடுத்தேன். பெண் நட்சத்திரம் என்ற இடத்தில் புனர்பூசம் என்று இருந்தது.

நான் அஸ்தம்.

ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது எங்கே கோளாறு என்று. புதுக் கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைக்கிறது. பழைய புரோகிராம் கம்ப்யூட்டர் சொல்கிறபடி தேதியை எடுத்துக்கொள்கிறது. செப்டம்பர் ஏழாம் தேதிக்காரியை ஜூலை ஒன்பதாம் தேதிக்காரியாக மாற்றிவிட்டது. இருபத்தொன்று என்று ஒரு மாதம் இல்லாததால் மாப்பிள்ளை தப்பித்தார். ஆக, ஒன்பது பொருத்தம் அவருக்கும் ஜூலை மாதம் பிறந்த யாரோ ஒரு பெண்ணுக்கும்!

சுற்றிப் பார்த்தேன். மாமா பூரித்துப் போயிருந்தார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தில் எத்தனை பந்தி என்று மாமியிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குக் கையெழுத்து. தை மாதம் கல்யாணம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. திறந்தால்? ரெண்டோ மூணோ வந்து தொலைந்தால்? இவரை விட்டுவிட என்னால் முடியாது. அது அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அடுத்த வாரமும் ஐந்தாம் தேதியிலும் பத்தாம் தேதியிலும் பிறந்தவர்கள் இதே நாற்காலிக்கு எதிரே வந்து உட்காருவார்களே. யாரோ ஒரு பெண்ணுக்கு இதே மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நான் சரிசெய்து கொடுத்த மிஷின்.

"மாமா, இது தப்பு" என்றேன்.

விளக்கிச் சொன்னேன். தேதி அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினேன். மறுபடி தட்டினேன். பிரிண்டர் இந்தத் தடவை வேண்டுமென்றே மெதுவாக அடித்த மாதிரி இருந்தது. அஸ்தம். பத்துக்கு ஐந்து.

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து வந்து என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"கூறு கெட்டவளே! வாரா வாரம் அந்தக் கோயில்ல ஒம் பேருக்கு அர்ச்சனைக்குக் குடுக்கவ நான். ஒன் நட்சத்திரம் எனக்குத் தெரியாதாட்டி? தாளைக் கையில வாங்கினதுமே பாத்துட்டேன், புனர்பூசம்னு போட்டிருக்குன்னு. கெடக்கட்டும், முருகனே பாத்து மாத்திப் போட்டிருக்கான்னு நான் கம்முன்னு இருந்தா, நீ பெரிய அரிச்சந்திரன் பேத்தி கெணக்கா..."

அவள் அழுதது அதற்கா! முதலில் சிரித்தது மாமி. அப்புறம் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தானும் குலுங்கினாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ரஜ்ஜு இருக்கோன்னோ?" என்றார் மாமா கண்ணைத் துடைத்தபடி. தாலி பலம் பார்க்கும் பொருத்தம் அது. இருந்தது. "அப்புறம் என்ன! அஞ்சு தாராளம். நம்மாத்துல எனக்கும் மாமிக்கும் பார்த்தா மூணு தேறாது" என்றார். மாமி இருந்த கேசரியை அவருக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து போட்ட தாளை அம்மாவே சரோஜினி நகருக்கு எடுத்துப் போய்க் கொடுத்தாள். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் இவர், "பத்துக்கு அஞ்சா? நான் கணக்குல வாங்கினதவிட ஜாஸ்தி" என்றார். அன்றைக்கே அப்பா பராத் கருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

தை மாதக் குளிரில், ஷாமியானா பந்தலுக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நடந்தது. சங்கல்பத்தின் நடுவில் ஐயர் நிமிர்ந்து, பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பந்தி பரிமாறும் இடத்திலிருந்து அம்மா மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அஸ்தம்! அவ அஸ்தந்தான்!"